மார்வின் மில்லருக்கு எட்டாவது ஓட்டெடுப்பு

2007 டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் உலகில் ஒரு தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் மொத்தமே 12 பேர். ஜெயிக்க 9 ஓட்டு வேண்டும். போட்டியில் இருந்த பல பேரில் இருவரை மட்டும் இங்கே பார்ப்போம். ஒருவர் பூவி கியூன். 1969 முதல் 1984 வரை பேஸ்பாலின் கமிஷனர். இன்னொருவர் மார்வின் மில்லர். 1966 முதல் 1982 வரை ஆட்டக்காரர்கள் சங்கத்தை நடத்தியவர். பதிமூன்று வருடத்துக்கும் மேல் இந்த இருவரும் எதிரும் புதிருமாக நின்று மோதினார்கள். அந்த மோதல்களில் பெரும்பாலானவற்றில் ஜெயித்தது மில்லர். பேஸ்பால் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தேர்தல் முடிவு? கியூனுக்கு 10 ஓட்டு. மில்லருக்கு 3!

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. பேஸ்பால் விதிகள் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இதில் பந்தும் மட்டையும் குறைவு. ஒப்பந்தம், சம்பளம், ஓட்டு, இவைதான் அதிகம். சொல்லப்போனால் காமர்ஸ் மாணவர்களுக்கென்றே நடந்த கதை மாதிரி இருக்கும்.

முதலில் அந்த மண்டபம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1939ல் திறக்கப்பட்டது பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழ் மண்டபம். உள்ளே தேர்வான ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலப் பலகை. ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்வது பத்திரிகையாளர்கள். 75 சதவீத ஓட்டு வேண்டும். ஆனால் அணி உரிமையாளர்கள், மேனேஜர்கள், கமிஷனர்கள் போன்ற ஆடாத ஆட்களைத் தேர்வு செய்ய தனியாக ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் யார் யார் என்பதை மண்டபம்தான் முடிவு செய்யும். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது மில்லர். 1917ல் பிறந்தவர், புரூக்ளினில் வளர்ந்தவர். அப்பா கோட்டுகள் விற்கும் கடையில் சேல்ஸ்மேன், அம்மா பள்ளி ஆசிரியை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் காலத்தில் அரசின் தொழிலாளர் வாரியத்தில் வேலை பார்த்தார். 1950ல் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து அங்கே தலைமைப் பொருளாதார நிபுணராக உயர்ந்தார். லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்காக பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்து பழகியவர். சத்தம் போட மாட்டார், மேஜையைத் தட்ட மாட்டார், நிதானமாகப் பேசுவார். பார்க்க ஒரு கல்லூரிப் பேராசிரியர் மாதிரி இருப்பார். மெல்லிய மீசை வேறு.

1966ல் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் தங்கள் சங்கத்துக்கு முழுநேர ஆள் தேடினார்கள். சங்கம் என்று பெயர்தானே தவிர, அதற்கு முன்பு அது சங்கமே இல்லை. வருடத்துக்கு ஓரிரு முறை கூடி, முதலாளிகளிடம் பணிவாகச் சில கோரிக்கைகளை வைத்துவிட்டுக் கலைந்துபோகும் ஒரு கூட்டம், அவ்வளவுதான். ஆள் தேடியவர்களில் ராபின் ராபர்ட்ஸ், ஜிம் பன்னிங் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள். (பன்னிங் பிற்காலத்தில் அமெரிக்க செனட்டர் ஆனார்.) ராபர்ட்ஸுக்கு ஒரு யோசனை: மில்லர் தலைவராக இருக்கட்டும், சங்கத்துக்கு வக்கீலாக ரிச்சர்ட் நிக்சனைப் போடலாம்! ஆமாம், பின்னால் ஜனாதிபதியான அதே நிக்சன்தான். மில்லர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி முகாம்களுக்கு நேரில் போய் மில்லர் ஓட்டுக் கேட்டார். மேற்கே அரிசோனா, கலிபோர்னியா முகாம்களில் செமத்தியாகத் தோற்றார். தொழிற்சங்கக்காரன் என்றால் ரவுடி, ஸ்ட்ரைக் பண்ண வைப்பான் என்று அணி நிர்வாகங்கள் பயமுறுத்தி வைத்திருந்தன. ஆனால் ஃப்ளோரிடா முகாம்களில் ஆட்டக்காரர்கள் நேரில் பார்த்துப் பேசியபின் காற்று திரும்பியது. கடைசிக் கணக்கு 489க்கு 136. அவர் வந்ததும் முதலாளிகள் செய்த முதல் வேலை, சங்க அலுவலகத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பணத்தை நிறுத்தியது. மில்லர் அசரவில்லை. கோகோ கோலா பாட்டில் மூடிகளின் அடியில் ஆட்டக்காரர்களின் படத்தைப் போட ஒரு ஒப்பந்தம் பேசி, அந்தப் பணத்தில் அலுவலகத்தை நடத்தினார்.

பேஸ்பால் கார்டு என்று ஒன்று உண்டு. சூயிங் கம்மோடு வரும் ஆட்டக்காரர் படம், அமெரிக்கப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சேர்ப்பார்கள். டாப்ஸ் என்ற கம்பெனி அதில் ராஜா. ஆட்டக்காரருக்கு வருடத்துக்கு 125 டாலர் கொடுத்து அவர் முகத்தை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தது. மில்லர் போய்க் கூடுதலாகக் கேட்டார். கம்பெனி மறுத்தது. இனிமேல் டாப்ஸுக்காக யாரும் போட்டோவுக்கு நிற்க வேண்டாம் என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னார் மில்லர். 1968ல் தொகை 250 ஆனது, அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கும் வந்தது. சேர்ந்து நின்றால் என்ன கிடைக்கும் என்று அந்த ஆட்டக்காரர்கள் முதன்முதலில் பார்த்தது இதில்தான். தொழிற்சங்கம் பற்றிப் பத்து சொற்பொழிவு நடத்தியிருந்தாலும் இந்த அளவு புரிந்திருக்காது.

அதே 1968ல் முதல் கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்ச சம்பளம் 6,000 டாலரிலிருந்து 10,000 ஆனது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் இதுதான் முதல் கூட்டு ஒப்பந்தம். ஆனால் உண்மையான பிரச்சனை சம்பளத் தொகை அல்ல. அதன் பெயர் ரிசர்வ் விதி.

1879ல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும், மற்ற அணிகள் அவர்களைத் தொடாது. ஐந்து பேர் என்பது பிறகு எல்லோரும் என்று ஆனது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குத்தான் சொந்தம். அணி விரும்பினால் விற்கலாம், மாற்றலாம், துரத்தலாம். ஆட்டக்காரருக்கு ஒரே உரிமைதான்: கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். விற்பவர்கள் நிறைய, வாங்குபவர் ஒரே ஒருவர். எகனாமிக்ஸ் வகுப்பில் மோனோப்சனி என்று ஒரு பாடம் வரும், பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோவோம். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

சட்டம் என்ன செய்தது? 1922லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஊர் ஊராகப் போய் டிக்கெட் போட்டு நடத்தும் விளையாட்டு வணிகம் இல்லையாம்! 1953ல் அதையே மறுபடியும் உறுதி செய்தது.

இந்தச் சுவரில் போய் மோதியவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர், கறுப்பினத்தவர், வருடத்துக்கு 90,000 டாலர் வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். 12 வருடம் ஆடிய ஊரை விட்டு, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியதை அவரால் ஏற்க முடியவில்லை. வழக்குப் போடலாமா என்று மில்லரிடம் வந்து கேட்டார். ஜெயிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, உன் ஆட்ட வாழ்க்கை இதோடு முடியும், ஜெயித்தாலும் உனக்குப் பலன் இருக்காது என்று மில்லர் மறைக்காமல் சொன்னார். பின்னால் வருகிறவர்களுக்குப் பலன் உண்டா என்று ஃப்ளட் கேட்டார். உண்டு என்றார் மில்லர். சரி என்றார் ஃப்ளட்.

1969 டிசம்பர் 24ல் தன்னைச் சுதந்திரமாக விடும்படி கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கமிஷனர்தான் பூவி கியூன். மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972ல் 5க்கு 3 என்று ஃப்ளட் தோற்றார். விசாரணை நடந்தபோது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட கோர்ட்டுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பயம். யாரைக் குறை சொல்வது? குடும்பம் எல்லோருக்கும் இருக்கிறது.

அதே 1972ல் இன்னொரு சின்னச் சம்பவம். கார்டினல்ஸ் அணியில் டெட் சிம்மன்ஸ் என்ற 22 வயது கேட்சர் சம்பளம் போதாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே சீசனை ஆடத் தொடங்கினார். ரிசர்வ் விதிப்படி அணி அவருடைய பழைய ஒப்பந்தத்தைத் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ஜூலையில் அணி நிர்வாகம் திடீரென்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 75,000 டாலர் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டது. வெளியே பார்த்தால் சாதாரணச் செய்தி. மில்லர் அதை வேறு மாதிரி படித்தார்: ஒரு ஆள் கையெழுத்தே போடாமல் முழு சீசனும் ஆடிவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதை இவர்கள் விரும்பவில்லை. டெட் சிம்மன்ஸ் என்ற பெயர் கடைசியில் மறுபடி வரும்.

இந்தக் கதையின் மையம் 1970ல் இருக்கிறது. அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதுவரை ஆட்டக்காரருக்கும் அணிக்கும் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது கமிஷனர். கமிஷனரை நியமிப்பது யார்? முதலாளிகள். சம்பளம் கொடுப்பது யார்? முதலாளிகள். வேண்டாம் என்றால் நீக்குவதும் அவர்கள்தான். வாதியும் தீர்ப்பு சொல்பவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? மில்லர் 1970ல் போட்ட இரண்டாவது கூட்டு ஒப்பந்தத்தில் இதை மாற்றினார். இனி ஒப்பந்தத் தகராறுகளை மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும். சங்கத்தின் சார்பில் ஒருவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், நடுவில் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு வெளி மத்தியஸ்தர். இரண்டு பக்கத்து ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பதால், நிஜத்தில் முடிவு அந்த மத்தியஸ்தருடையது. எஃகு ஆலைகளில் இது அன்றாட நடைமுறை. பேஸ்பாலுக்குப் புதிது. கமிஷனருக்கு விளையாட்டின் நேர்மை சம்பந்தப்பட்ட விஷயங்களில் மட்டும் அதிகாரம் மிஞ்சியது. கியூன் இதற்குத் தலையாட்டினார். தன் நாற்காலியின் ஒரு காலை அறுத்துக் கொடுக்கிறோம் என்று அவருக்கு அன்று தெரிந்ததாகத் தோன்றவில்லை.

1972ல் பென்ஷன் விஷயத்தில் முதல் பெரிய வேலைநிறுத்தம். ஓட்டெடுப்பில் 663 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. 13 நாளில் முடிந்தது, 86 ஆட்டங்கள் ரத்து. ஆட்டக்காரர்கள் இரண்டு நாள்கூடத் தாங்க மாட்டார்கள் என்று நினைத்த முதலாளிகளுக்கு அது பெரிய அதிர்ச்சி.

அடுத்தது 1974. ஓக்லண்ட் அணி முதலாளி சார்லி ஃபின்லி, தன் நட்சத்திரப் பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹன்டருக்கு ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய ஆன்யூட்டித் தொகையைக் கட்டாமல் விட்டார். புகார் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸிடம் போனது. ஒப்பந்தம் மீறப்பட்டது, ஹன்டர் சுதந்திரமானவர் என்று சைட்ஸ் தீர்ப்பு சொன்னார். அணிகள் ஹன்டரின் ஊருக்குப் படையெடுத்தன. யாங்கீஸ் அணி மூன்று மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து ஐந்து வருடத்துக்கு அவரை எடுத்தது. அதற்கு முந்தைய சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம். திறந்த சந்தையில் ஒரு நல்ல ஆட்டக்காரரின் விலை என்ன என்று எல்லோருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

மில்லர் ஒப்பந்தத்தை மறுபடி மறுபடி படித்தார். பத்தாவது பத்தியில், ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் அணி அவருடைய ஒப்பந்தத்தை "ஒரு வருடத்துக்கு" புதுப்பிக்கலாம் என்று இருந்தது. முதலாளிகளின் வாதம்: அந்தப் புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே பத்தி இருக்கிறது, அதனால் அடுத்த வருடமும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த வருடமும், இப்படியே ஆயுள் வரைக்கும். மில்லரின் வாதம்: ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான்.

அதைச் சோதிக்க, கையெழுத்துப் போடாமல் முழு சீசனும் ஆடும் ஒரு ஆள் வேண்டும். 1975ல் கிடைத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித். தன் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற உறுதியைக் கேட்டார், அணி மறுத்தது. சீசன் முடிவில் பெரிய தொகையைக் காட்டி அவரை மடக்கிவிட்டால்? சிம்மன்ஸுக்கு நடந்தது மறுபடியும் நடக்குமே? அதற்காக மில்லர் இரண்டாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். டேவ் மெக்நாலி. மான்ட்ரியால் அணியில் கையெழுத்துப் போடாமல் கொஞ்ச நாள் ஆடிவிட்டு, சீசன் பாதியிலேயே விளையாட்டை விட்டு விலகி மான்டானா மாநிலத்தில் வீட்டுக்குப் போய்விட்டவர். அணி நிர்வாகி விமானம் ஏறி அவர் ஊருக்கே போய், கையெழுத்துக்கு மட்டும் 25,000 டாலர் தருகிறேன் என்றார். இனிமேல் ஆடவே போகாத மனிதர், பேனாவை எடுத்தால் போதும், பணம் கையில். மெக்நாலி மறுத்தார். இந்தக் கதையில் பெரிய வசனம் பேசாத ஹீரோ இவர்தான்.

1975 டிசம்பர் 23. சைட்ஸின் தீர்ப்பு வந்தது. ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான். மில்லரும் சைட்ஸும் ஒரு பக்கம், முதலாளிகளின் பிரதிநிதி ஜான் கஹெரின் மறுபக்கம், 2க்கு 1. கஹெரின் செய்த அடுத்த வேலை, சைட்ஸை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அவர் கையில் கொடுத்தது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், அங்கும் தோற்றார்கள். அப்பீலிலும் தோற்றார்கள். 97 வருட ஏற்பாடு முடிந்தது. உச்ச நீதிமன்றம் மூன்று முறை தொடத் தயங்கியதை, இரு தரப்பும் சேர்ந்து நியமித்த ஒரு மத்தியஸ்தர் ஒப்பந்தத்தின் ஒரு சொல்லை வைத்து முடித்து வைத்தார்.

அடுத்து மில்லர் செய்தது எகனாமிக்ஸ் படித்தவர் மட்டுமே செய்யக்கூடியது. இனி எல்லா ஆட்டக்காரர்களும் வருடா வருடம் சுதந்திரம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரியும் என்று அவருக்குத் தெரியும். முதலாளிகளில் சார்லி ஃபின்லி ஒருவருக்குத்தான் அது புரிந்தது. எல்லோரையும் விட்டுவிடுங்கள், வருடா வருடம் விடுங்கள் என்று அவர் கத்தினார். மற்ற முதலாளிகள் அவரைக் கிறுக்கன் என்று ஒதுக்கினார்கள். கடைசியில் 1976 ஒப்பந்தத்தில், ஆறு வருடம் ஆடியவர்களுக்கு மட்டும் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை என்று முடிவானது. முதலாளிகள் தாங்கள் ஏதோ விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியதாக நினைத்தார்கள். சப்ளை குறைவு, டிமாண்ட் அதிகம். 1967ல் சுமார் 19,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம், மில்லர் ஓய்வு பெற்ற 1982ல் சுமார் 2,41,000.

விளையாட்டு அழிந்துவிடும், பணக்கார அணிகள் எல்லாக் கோப்பையையும் அள்ளிப்போகும் என்று கியூனும் முதலாளிகளும் எச்சரித்தார்கள். நடந்தது என்ன? 1978 முதல் 1987 வரை பத்து வருடத்தில் வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது பத்து வெவ்வேறு அணிகள். ரிசர்வ் விதி கோலோச்சிய காலத்தில்தான் யாங்கீஸ் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. மைதானத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 1976ல் சுமார் 3 கோடியே 10 லட்சம், 1987ல் 5 கோடியே 20 லட்சம்.

மில்லர் மேல் விமர்சனமே இல்லையா என்றால், உண்டு. 1981 வேலைநிறுத்தம் 50 நாள் நீடித்தது, 700க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் போயின. அதை ரசிகர்கள் சுலபத்தில் மன்னிக்கவில்லை. ஊக்கமருந்து சோதனையை அவர் கடைசிவரை எதிர்த்தார், அதில் அவர் பக்கம் நிற்பது கஷ்டம். கியூனுக்கும் சாதனைகள் உண்டு. வேர்ல்டு சீரிஸை இரவு டிவிக்குக் கொண்டுபோனது அவர் காலத்தில்தான். ஆனால் விளையாட்டை யார் அதிகம் மாற்றினார் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே தட்டில் நிற்க முடியாது.

இனி ஓட்டெடுப்புகள். மில்லர் பெயர் முதன்முதலில் 2003ல் வந்தது. அப்போது ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே மண்டபத்தில் இருந்த முன்னாள் ஆட்டக்காரர்கள். மில்லருக்குக் கிடைத்தது 44 சதவீதம். அவரால் லட்சாதிபதி ஆனவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்! அவருக்கு முந்தைய காலத்தில் ஆடி, பிறகு வந்தவர்கள் கோடிகளில் புரள்வதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். மனித மனசு. 2007 தொடக்கத்தில் அதே முறையில் மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை 63 சதவீதம். 75ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். அதே ஓட்டெடுப்பில் கியூனுக்கு 17 சதவீதம்.

மண்டபம் உடனே முறையை மாற்றியது. நிர்வாகிகளுக்கு இனி 12 பேர் கொண்ட தனிக் குழு. அதில் 7 பேர் அணிகளின் முதலாளிகளும் நிர்வாகிகளும், இன்னாள் முன்னாள் எல்லாம் சேர்த்து. 3 பேர் பத்திரிகையாளர்கள். ஆட்டக்காரர்கள் 2 பேர். அந்த 2007 டிசம்பர் முடிவுதான் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்தது. பத்து மாதத்துக்குள் கியூன் 17 சதவீதத்திலிருந்து 83க்கு ஏறினார், மில்லர் 63லிருந்து 25க்கு இறங்கினார். அந்தப் பத்து மாதத்தில் இரண்டு பேரின் வரலாற்றிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கியூன் அந்த மார்ச்சிலேயே இறந்திருந்தார். மாறியது ஓட்டுப் போட்டவர்கள் மட்டும்.

1970ல் மில்லர் ஒழித்த ஏற்பாடு இதேதான். ஒரு தரப்பு தீர்ப்பாளரை நியமிக்கும், அந்தத் தீர்ப்பாளர் அந்தத் தரப்புக்குத் தீர்ப்பு சொல்வார். பேச்சுவார்த்தை மேஜையில் அதை உடைத்தவருக்கு, கூப்பர்ஸ்டவுனில் அதை உடைக்க வழியில்லை. அங்கே அவருக்குக் கூட்டு ஒப்பந்தம் கிடையாது, மத்தியஸ்தரும் கிடையாது.

2008ல், 91 வயதில், அவர் பத்திரிகையாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முடிவை முன்னாலேயே தீர்மானித்து அதற்கேற்ப ஆட்களை வைத்து நடத்தும் ஓட்டெடுப்பில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டார்களா? இல்லை. 2009 டிசம்பரில் மறுபடி பெயர் வந்தது, 12ல் 7. 2010 டிசம்பரில் குழு 16 பேராகியிருந்தது, 12 ஓட்டு வேண்டும், அவருக்கு 11. ஒரே ஒரு ஓட்டு! அப்போது அவருக்கு 93 வயது. 2012 நவம்பர் 27ல் தன் 95வது வயதில் இறந்துபோனார்.

இறந்தபின் 2013ல் ஆறோ அதற்கும் குறைவோ. 2016 டிசம்பரில் முன்னாள் கமிஷனர் பட் சீலிக் முதல் வாய்ப்பிலேயே 16ல் 15 ஓட்டோடு உள்ளே போனார். 1980களில் முதலாளிகள் ரகசியமாகக் கூடிப் பேசி ஃப்ரீ ஏஜென்ட்டுகளை எடுக்காமல் ஒதுக்கி, பின்னர் 280 மில்லியன் டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்ததே, அந்தக் காலத்தில் சீலிக் மில்வாக்கி அணியின் முதலாளி. அடுத்த வருடம், 2017ல், மில்லருக்கு 16ல் 7.

2019 டிசம்பர் 8ல் எட்டாவது முறை. இந்தக் குழுவின் 16 பேரில் 6 பேர் முன்னாள் ஆட்டக்காரர்கள். ஜார்ஜ் பிரெட், ராட் கேரூ, ராபின் யவுன்ட் மாதிரி ஆட்கள், ஆறு பேருமே ஃப்ரீ ஏஜென்ட் காலத்தில் ஆடியவர்கள். நிர்வாகிகள் 6 பேர், மீதி 4 பேர் பத்திரிகை மற்றும் வரலாற்றுத் துறை. ஓட்டு ரகசியம், யார் யாருக்குப் போட்டார்கள் என்று வெளியே வராது. மில்லருக்கு 12. சரியாகத் தேவையான அளவு, ஒன்று கூடவும் இல்லை. அன்றைக்கு 13 ஓட்டோடு தேர்வான இன்னொருவர், 1972ல் கையெழுத்துப் போடாமல் சீசனைத் தொடங்கிய அதே டெட் சிம்மன்ஸ்.

கொரோனாவால் விழா ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய் 2021 செப்டம்பர் 8ல் நடந்தது. தான் இறந்தபின் தேர்வானாலும் விழாவில் யாரும் கலந்துகொள்ள வேண்டாம் என்று மில்லர் தன் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அவருக்காக மேடையேறிப் பேசியவர், அவருக்குப் பின் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய டொனால்ட் ஃபியர். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அன்றைய இன்னொரு நாயகன் டெரெக் ஜீட்டரைப் பார்க்க வந்த யாங்கீஸ் ரசிகர்கள். 2001ல் ஜீட்டர் போட்ட பத்து வருட ஒப்பந்தம் 189 மில்லியன் டாலர். விழா நடந்தபோது அவர் மயாமி அணியின் நிர்வாகத் தலைவர், அதாவது மேஜையின் மறுபக்கம்.

கர்ட் ஃப்ளட் 1997லேயே இறந்துவிட்டார். மில்லரின் பலகை மாட்டப்பட்ட அன்றும் அவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கவில்லை. பூவி கியூனின் பலகை அதே கூடத்தில், 2008லிருந்து இருக்கிறது.